பெயர் மாற்றப்பட்டுள்ளது

காலையிலிருந்தே கழுத்து வலி. சூளையில் செங்கல் சுமந்த வயதில் பிடித்தது; வந்துவிட்டால் தலையைத் திருப்ப முடியாது. மண்டல உளவியலாளர் சங்கத்தின் புதுத் தலைவர் இருதயராஜ், மேடையில் தன் இலக்குகளை வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவள் நான். முதல் இலக்கு, ஆலோசனை சொல்பவர்களுக்கும் ஆலோசனை. அதற்கு உதாரணம் வேண்டுமல்லவா?

"நம்ம மெம்பர் ஒருத்தங்க, லதான்னு வெச்சுக்குவோம். சின்ன வயசுல கல்லு சுமந்து உச்சந்தலையில முடியே இல்ல. தன்கிட்ட வந்தவர் ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிட்டதும், தானும் செத்துடணும்னு நெனச்சாங்க."

அவரிடம் ஆலோசனைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு நான் சொல்லி அழுதது அது. அரங்கமே என் தலையைத் திரும்பிப் பார்த்தது. என்னால்தான் யார் பக்கமும் திரும்ப முடியவில்லை.

"முந்தானையப் போட்டு மூடிக்கங்கக்கா," என்று பக்கத்திலிருந்த ரெகானா கிசுகிசுத்தாள். நான் மூடவில்லை.

தேநீர் வேளையில் அவரே வந்தார். "பேரை மாத்திட்டேனேம்மா, ஊரைக்கூடச் சொல்லலையே."

"தலைய அப்படியே விட்டுட்டீங்களே சார்."

சிரித்துக்கொண்டே வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

சொல்லலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்த வார்த்தை இன்னும் பாக்கி.