பிக்கப் இல்லாத கார்

“எஞ்சினைக் கழட்டுங்க பாய். இன்னிக்கே கழட்டுங்க.”

அருணகிரி பானெட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கைதான் வலித்தது, கார் அது பாட்டுக்கு நின்றது. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

எழுபத்தெட்டில், போன வருஷம், ஆசை ஆசையாக வாங்கிய கார் அது. சிவப்பு நிறம், தாழ்ந்த கூரை, இரண்டே கதவு. திருவண்ணாமலையில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது. கடலை எண்ணெய் மில் முதலாளிக்கு வந்த யோகத்தைப் பார் என்று கடைத்தெருவே பேசியது.

அதே கார்தான் நேற்று மானத்தை வாங்கிவிட்டது. செங்கம் ரோட்டு ஏற்றத்தில், கல்யாண கோஷ்டியை அடைத்துக்கொண்டு வந்த ஒரு பழைய அம்பாசடர் அதை முந்திக்கொண்டு போனது. போதாக்குறைக்கு, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவருக்கு டாட்டா காட்டினான்.

விடிந்ததும் விடியாததுமாக அருணகிரி சாந்த் பாஷாவின் ஒர்க் ஷாப்புக்கு வந்துவிட்டார். ஒரு ஜீப் எஞ்சின் விலைக்கு வருகிறதாம். இதைத் தூக்கி எறிந்துவிட்டு அதை வைக்க வேண்டும், பிக்கப் பிய்த்துக்கொண்டு போக வேண்டும் என்று குதித்தார்.

சாந்த் பாஷாவுக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. அந்த எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, பார்த்துப் பார்த்து டியூன் செய்தவர் அவர்.

“நேர் ரோட்டுல பந்தயம் வுடற வண்டி இல்ல மொதலாளி இது. வளைவுல திருப்பிப் பாருங்க. பவர் கம்மியா இருக்கறதாலதான் பயமில்லாம முழுசா மிதிக்கலாம். மஜாவே அதுலதான்.”

மஜாவைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம் என்று அருணகிரி சீறினார். நேற்று வீட்டில் சரசுவும் இதையேதான் சொன்னாள், நல்ல வண்டிதானே என்று. டிராக்டர்காரர் மகளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று பெண்டாட்டியின் வாயை ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டு வந்திருந்தார்.

சாந்த் பாஷா காரைச் சுற்றி வந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து முன் டயரைத் தடவினார், பின் டயரையும் தடவினார்.

“உங்களுக்கு இந்த வண்டியோட அருமை தெரியல. வேற யாருக்கோ நல்லாத் தெரியுது. இங்க பாருங்க.”

இடது பக்க டயர் இரண்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. வலது பக்கத்தில் டயர் பட்டன் எல்லாம் தேயாமல் புதிதாக இருந்தது. நான்கும் ஒரே நாளில் போட்டவை. வேகத்தைக் குறைக்காமல் வலப்பக்கமாகவே திருப்பித் திருப்பி ஓட்டினால்தான் இப்படித் தேயும் என்றார் சாந்த் பாஷா.

வலப்பக்கமாகவே திரும்பிக்கொண்டு போகும் ரோடு எது என்று அந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலையைச் சுற்றி, அடி அண்ணாமலை வழியாக, எட்டு மைல் கிரிவலப் பாதை. மலை எப்போதும் வலது கைப் பக்கம். யாரும் இடமாகச் சுற்றுவதில்லை.

அருணகிரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரிப்பேருக்கு விடும் காரில் ஆசிரமத்து வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறீர்களா என்று சாந்த் பாஷா மேலேயே பாய்ந்தார்.

“எங்கிட்ட வண்டி வந்தே ஆறு மாசம் ஆச்சு. சாவி உங்க வீட்டு சாமி படத்துக்குப் பின்னாலதான தொங்குது?” என்றார் சாந்த் பாஷா. “நானா இருந்தா போன வழியிலயே திரும்பி வந்துடுவேன். இது யாரோ பக்தி உள்ளவங்க வேலை.”

பக்தி என்றதும் அருணகிரிக்கு ஒரு நெற்றிதான் ஞாபகத்துக்கு வந்தது. பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் சடையன். காரைக் கழுவுவது அவன், கேட்டைத் திறப்பது அவன். பன்னிரண்டு வருஷம் உப்புப் போட்டு வளர்த்ததற்கு இதுவா கைம்மாறு?

வீட்டுக்குள் கத்திக்கொண்டேதான் நுழைந்தார். சடையனைக் கூடத்தில் நிறுத்தினார்.

“செவ்வாக்கிழமை ஆனா நான் கடலை எடுக்கக் கீழ்பென்னாத்தூர் போயிடறேன். லாரி அந்தப் பக்கம் கெளம்பினதும் கார் இந்தப் பக்கம் கெளம்புது. இல்லடா?”

சடையன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“மூட்டையக் கட்டு. பொழுது சாயறதுக்குள்ள மில்லுக்குப் பின்னால இருக்கற வீட்டைக் காலி பண்ணு. நீயும் போற, அந்த எஞ்சினும் போகுது.”

சடையனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஒற்றை அறையை விட்டால் அவனுக்குப் போக இடமில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சமையலறைப் பக்கமே பார்த்தான்.

சரசு காபி டம்ளரைக் கொண்டுவந்து ணங்கென்று மேஜைமேல் வைத்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் பேச்சுக்கு நடுவே அவள் வாய் திறந்ததில்லை. இன்று அவள் முகத்தில் அவரைவிட அதிகமாகக் கோபம் இருந்தது.

“சடையனை வுடுங்க. எஞ்சினையும் மாத்த வேணாம். அடி அண்ணாமலை வளைவுல எனக்கு இந்த வேகமே ஜாஸ்தி.”