நான்கு பெண்கள், ஒரே முகம்

காளிகாட் கோயில் சந்தில் விற்பனைக்கு வரைந்த படங்கள் வெயிலில் காய்கின்றன. நான்கு பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் நேற்றுத்தான் பிடிபட்டான். இன்றைக்கே படமாகிவிட்டான். முறுக்கு மீசை, ஜரிகை வேட்டி, விரலுக்கொரு மோதிரம், மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். காலடியில் கிடக்கும் நால்வருக்கும் ஒரே முகம். எங்கள் வீட்டில் வேலை செய்த க்ஷீரோதாவும் அவர்களில் ஒருத்தி. முன்பல் இல்லாததால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். "இதில் க்ஷீரோதா யார்?" என்று கேட்கிறேன். "யாராயிருந்தால் என்ன, மா? ஜனங்கள் அவனைத்தானே வாங்குகிறார்கள்," என்ற படக்காரன் கொலைகாரனின் மீசைக்கு இன்னும் கொஞ்சம் மை தீட்டுகிறான். குதிரை வண்டியை நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு படத்தை வாங்கிச் சுருட்டுகிறார். "கூடத்துல மாட்டலாம்டி," என்கிறார். போன வாரம்வரை க்ஷீரோதா குனிந்து துடைத்த கூடம்.