வெறுங்கை

கோடரியைக் காணவில்லை.

போர்க்களத்துப் பனியைக் கையால் துழாவினான். உடைந்த கேடயம் ஒன்று தட்டுப்பட்டது. யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அவன் கோடரி மட்டும் இல்லை.

விலாவில் ஈட்டி பாய்ந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. இனிப் பிழைப்பதற்கில்லை என்று அவனே தீர்மானித்துவிட்டான்.

சாவதில் அவனுக்குப் பயமில்லை. வெறுங்கையோடு சாவதுதான் பயம்.

ஆயுதம் பிடித்த கையோடு செத்தவனைத்தான் தேவதூதி வால்கிரி வந்து குதிரையில் ஏற்றிக்கொள்வாள். கடவுள் ஓடினின் மண்டபத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே விருந்து ஓயாது. அப்பா அங்கேதான் இருக்கிறார். வெறுங்கையோடு போனவனுக்குப் பாதாளத்துக் குளிரும் இருட்டும். அவன் ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரியும்.

மேகத்துக்குள் குளம்போசை கேட்டது.

வந்துவிட்டாள்.

பக்கத்தில் தம்பி எய்வின் கிடந்தான். நெஞ்சு பிளந்திருந்தது. கண் மூடியிருந்தது.

அவன் கையில் கோடரி இருந்தது.

செத்துவிட்டான் என்றுதான் இவன் நினைத்தான். அவனை வால்கிரி முன்னமே அழைத்துப் போயிருப்பாள், இனி அவனுக்கு எதற்குக் கோடரி என்றும் நினைத்தான். தனக்கு வேண்டியதென்றால் மனசு எவ்வளவு சுருக்காக நியாயம் பேசிவிடுகிறது.

சுண்டுவிரலை முதலில் நிமிர்த்தினான். பிறகு அடுத்ததை. எய்வினுக்குச் சின்ன வயசிலிருந்தே உடும்புப்பிடி. கட்டைவிரல் விடவேயில்லை. இவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

எய்வின் கண் திறந்தான்.

"அண்ணா, அது என்னோடது."

அவ்வளவுதான். திறந்த கண் அப்படியே நிலைத்துவிட்டது.

கோடரி இவன் கையில் இருந்தது.

குதிரை பனியில் இறங்கியது. அவள் கவசத்தோடு நடந்து வந்தாள். இவன் கோடரியை உயர்த்திக் காட்டினான்.

அவள் இவனைத் தாண்டிப் போனாள். எய்வின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அந்த வெறுங்கையைப் பனியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

என்னைக் கூட்டிப் போ என்று இவன் கெஞ்சினான். அவள் குனிந்து இவன் விலாவைத் தொட்டாள்.

"ஆழமா இறங்கல. நான் இவனுக்காகத்தான் வந்தேன். நீ பொழச்சுக்குவே."

இவன் தன் கையிலிருந்த கோடரியைப் பார்த்தான்.

குதிரை யாரையும் ஏற்றாமல் மேலே எழும்பியது.

கோடரிக் காம்பைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். கையை எடுத்ததும் அவை விரிந்துகொண்டன. மறுபடி மடக்கினான். மறுபடியும் விரிந்தன.

கடைசியில் தன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினான். தம்பி பிடித்திருக்கிறான், திரும்பி வந்து பார் என்று கத்தினான்.

குளம்போசை தேய்ந்துபோனது.

விலாவில் ரத்தம் நின்றிருந்தது.