ஒரு தடவைகூட மீறாதவள்

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் கம்பெனியின் கண்ணாடிச் சுவரில் மூன்று மணி வெயில் சாய்ந்து விழுகிறது. கைதட்டலுக்கு நடுவே ருக்ஸானாவிடம் ஒரு சான்றிதழைக் கொடுக்கிறார்கள். தகவல் பாதுகாப்பு விதிகளை ஆண்டு முழுவதும் ஒரு தடவைகூட மீறாதவர் என்று அதில் அச்சாகியிருக்கிறது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட அவள் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் குனிவாள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். "எப்படி மேடம் இவ்ளோ கரெக்டா இருக்கீங்க?" என்று புது மேனேஜர் மைக்கை நீட்டுகிறார். "பழக்கம் சார்" என்கிறாள். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெட்கம் என்று நினைத்து மறுபடியும் கைதட்டுகிறார்கள். அவள் பக்கத்து நாற்காலியில் இப்போது அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. போன வருஷம் அங்கே திரிபுரசுந்தரி அக்கா இருந்தாள். மகள் சின்மயிக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், போனில் தன் பாஸ்வேர்டைச் சொன்னாள். மகளின் பெயரும் பிறந்த வருஷமும்தான் அது. "என் வேலைய நீ முடிச்சிடு ருக்ஸு" என்றாள். அவசரத்தில் அக்காவின் கணக்கிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலைத் தவறான முகவரிக்கு அனுப்பியவள் ருக்ஸானா. விசாரணை அறைக்கு வெளியே அக்கா அவள் கையைப் பிடித்து, "ரெண்டு பேரும் எதுக்குடி போகணும்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தனியாக உள்ளே போனாள். ருக்ஸானா தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள்; அக்காவின் வேலை போயிற்று. மேனேஜர் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். சான்றிதழின் மேல் ருக்ஸானாவின் விரல்கள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன: சின்மயி, இரண்டாயிரத்துப் பதினேழு.