மூணாவது வெல்டிங்

எண்ணூரில் புது எண்ணெய் டேங்குக்குள் மூன்று பேர் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தார்கள். வெல்டிங்கைச் சோதிக்க மகிமா சுவரில் நகர்த்திய சென்சார், அதே இடத்தில் மறுபடியும் கூவியது.

“காந்தப் புலம் இங்கதான் கலையுது சார். உள்ள விரிசல் இருக்கணும்,” என்றாள் சோர்வாக.

சூப்பர்வைசர் டென்னிஸ் வெல்டரை முறைத்தார். “ரஷீது, இன்னிக்கு இது மூணாவது வாட்டி!”

“மூணு வாட்டியும் நோண்டி எடுத்துட்டுதான் சார் வெல்டிங் வெச்சேன். கையே தூக்க முடியல. இன்னும் இன்னா சார் கீது அதுல?”

“நாளையிலேர்ந்து வராதே.”

ரஷீது பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மகிமா கடைசியாக ஒருமுறை சென்சாரை வைத்தாள். கூவியது. திடீரென்று நின்றது.

“சார், இப்போ விரிசலே காட்டல!”

ரஷீது திரும்பி வந்தார். கையில் ஒரு தகர போர்டு, பின்னால் நான்கு பெரிய காந்தங்கள்.

“அந்த ஜாயின்ட் வெளிப்பக்கம் எப்டி கீதுன்னு பாக்கப் போனேன். காலைல நீங்க ஒட்டின போர்டு மறைச்சுகினு இருந்துச்சு. பிச்சு எடுத்தேன்.”

டென்னிஸ் அதில் எழுதியிருந்ததைப் பார்த்தார். ‘குறையில்லா வெல்டிங்கே நம் பெருமை.’

“இத்த எங்க சார் மாட்டட்டும்?” என்றார் ரஷீது.