தீர்ப்பைக் கொண்டுபோனவள்

ஹைகோர்ட்டிலிருந்து வக்கீல் ஆக்னஸ் போனில் சொன்னது ஒரே வார்த்தை. விடுதலை.

வசந்தகுமாரி கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அம்பத்தூர் எஸ்டேட் கேட்டுக்கு ஓடிவந்து ஓர் ஆட்டோவை மறித்தாள்.

"வேலப்பன்சாவடி காலேஜுக்குப் போண்ணா. சீக்கிரம்."

யுவராணி அங்கேதான் ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் அவள் கையில் போன் இருக்காது. அவள் புருஷன் துலுக்கானம் ஜெயிலிலிருந்து வெளியே வரப்போகிறான் என்பதை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

வசந்தகுமாரியால் சாய்ந்து உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி சீட்டின் நுனியில் இருந்தாள். சிரிப்பு தானாக வந்தது. முன்னால் ஊர்ந்த தண்ணி லாரியை ஓரம் போகச்சொல்லி அவளே கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

டிரைவருக்கும் அந்த அவசரம் தொற்றிக்கொண்டது. "இன்னா விஷயம்க்கா?"

மூச்சுவிடாமல் சொன்னாள்.

குத்தம்பாக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் கொஞ்சம் நிலம். பக்கத்தில் பஸ் ஸ்டாண்ட் வருகிறது என்றதும் அண்ணனுக்கு மொத்தமும் வேண்டும் என்றாகிவிட்டது. வேலி போடும்போது சண்டை. அண்ணன் கடப்பாரையை ஓங்கினான். தம்பி துலுக்கானம் மண்வெட்டியால் தடுத்து வீசினான். அண்ணன் விழுந்தான், பிறகு எழவில்லை.

தம்பிக்கு ஆயுள் தண்டனை.

பார்த்த சாட்சி ஒரே ஆள். முதலில் ஓங்கியது செத்தவன்தான் என்று கூண்டிலேறிச் சொன்ன ஆள். கீழ்க்கோர்ட் நம்பவில்லை. சொந்தக்காரர்கள் அந்தச் சாட்சியின் முகத்துக்கு நேராகத் துப்பினார்கள். அப்பீலில் ஹைகோர்ட், இந்தச் சாட்சி பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்று எழுதிவிட்டது.

"அந்த ஆளு கால்ல வுழுந்து கும்புடணும்க்கா," என்றார் டிரைவர். "யாரு அது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "துலுக்கானம் உனுக்கு இன்னா ஒறவு?"

"கொழுந்தன்."

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ செத்தவரு..."

"எங்க ஊட்டுக்காரரு."

ஆட்டோ மெதுவானது.

"வேகத்தக் கொறைக்காதண்ணா," என்றாள்.

காலேஜ் கேட் வந்ததும், வண்டி நிற்கும் முன்பே குதித்து, யுவராணியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.