மலைக்கு வைத்த நேர்த்தி

பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

மனைவி அப்போதுதான் ஒன்பதாவதைத் தாண்டியிருந்தாள்.

இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய மலைச் சைக்கிள்கள். பருத்த டயர், பற்றரி, மோட்டர். பொத்தானை அழுத்திவிட்டு மிதித்தால் செங்குத்து ஏற்றத்திலும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல் போகும். மோட்டர் போட்டு ஓடலாம், மூச்சு வாங்கக் கூடாது என்பது டாக்டர் அவருக்கு விதித்த நிபந்தனை. இருதயத்தில் இரண்டு ஸ்டென்டோடு அவரே இவ்வளவு தூரம் ஏறிவிட்டார்.

அவளுக்கு என்ன வந்தது?

தலைக்கவசம் ஒரு பக்கம் சரிய, முதுகில் பை ஆட, ஒரு மிதிக்கு ஒரு மூச்சாக வந்துகொண்டிருந்தாள். பைக்குள் என்ன என்று காலையில் கேட்டபோது, அதை முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இரண்டு சுவிஸ் பெண்கள் அவளை முந்திக்கொண்டு போனார்கள். "ஹொப், ஹொப்!" என்று உற்சாகப்படுத்தினார்கள்.

"ஓம், ஓம்" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. இந்த ஊர் ஹோட்டல்களில் முப்பது வருடம் அறை துடைத்து, எந்த மெஷினையும் ஒரு கை பார்த்தவளுக்கு இந்தச் சின்னப் பொத்தான் பிடிபடவில்லையே. நேற்று முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அருகில் வந்ததும் அவளுடைய ஹேண்டிலை எட்டிப் பிடித்தார். திரை இருண்டு கிடந்தது.

"சறோ, இதை அமத்துமப்பா எண்டு எத்தினை தரம்..."

விரல் பொத்தானில் படுமுன் கையில் ஒன்று விழுந்தது. நல்ல அடி.

"தொடாதேங்கோ. நேர்த்தி."

அவர் கையைத் தடவிக்கொண்டார்.

"விடியேக்க உங்கடை ஆசுப்பத்திரி ஜன்னலால பாத்தா இந்த மலை ஒண்டுதான் தெரிஞ்சது. கோயிலுக்குப் போறதெண்டா ரெயினில ரெண்டு மணித்தியாலம். உங்களை விட்டிட்டு எப்பிடிப் போறது? அதான் இவரிட்டையே கேட்டனான். ஆளைத் தந்தா, கூட்டிக்கொண்டு என்ரை காலால ஏறி வாறன் எண்டு."

மேலே, பாறைகளுக்கு நடுவில், பனியாற்றின் வெள்ளை நுனி தெரிந்தது.

மலை என்று ஒன்று இருந்தால் முருகன் எட்டிப்பார்க்காமலா இருப்பான் என்பது அவள் எண்ணம். அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அறுபது வயதில், மூட்டு வலியோடு, இருபத்தைந்து கிலோ இரும்பை மிதித்தா நேர்த்திக்கடன் தீர்ப்பது?

"அப்ப நானும் நிப்பாட்டிறன்" என்று தன் பொத்தானில் கையை வைத்தார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. தந்தவர் திருப்பி எடுக்கிறதுக்கோ? நீங்க மோட்டரில வாங்கோ."

ஒரு தரம் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவரை யாரோ வந்து திரும்பக் கேட்பார்கள் என்று அவள் உண்மையாகவே பயந்தாள். அவர் தன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

ஆனால் முன்னால் போகவில்லை.

அவளுக்குப் பக்கத்திலேயே ஓட்டினார். வலக் கை ஹேண்டிலில். இடக் கை அவள் முதுகுக்குப் பின்னால்.

தள்ளினால் நேர்த்தி கெட்டுவிடும். விழுந்தால் பிடிக்க வேண்டும்.

கை ஒரு சாண் விலகியே வந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. தோள்மூட்டு கடுத்தது. எடுக்கவில்லை.

பதினேழாவதில் அவள் சைக்கிள் பின்னுக்கு உருளப் பார்த்தது. அவர் விரல்கள் பையைத் தொடப் போயின.

"தொடாதேங்கோ" என்றாள், திரும்பாமலே.

இருபத்தொன்றாவது வளைவோடு வீதி முடிந்தது.

இறங்கியபோது அவள் கால்கள் நடுங்கின. முகம் மட்டும் பரீட்சை பாஸானவள் முகம். பையைத் திறந்தாள். ஒரு தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி. இதையும் சுமந்துகொண்டுதான் அத்தனை வளைவும் ஏறியிருக்கிறாள்.

சைக்கிள்களைச் சாத்திவிட்டு, பாறைகளின் மேல் மெதுவாக நடந்து பனியின் ஓரத்துக்குப் போனார்கள்.

கீழேயிருந்து வெள்ளையாகத் தெரிந்தது பனி இல்லை.

துணி.

வெயிலில் உருகாமல் இருக்க, கோடை வந்ததும் ஊர்க்காரர்கள் பனியாற்றுக்குப் போர்த்திவிடும் தடித்த வெள்ளைத் துணி. வயல் வயலாக விரிந்து கிடந்தது. அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில், மெலிந்துபோய், பனி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் தேங்காயைக் கையில் வைத்தபடி துணிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"இவருக்கே சுகமில்லையப்பா."

சத்தம் எழாமல் தேங்காயைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

காற்றில் துணியின் ஓரம் ஒன்று விலகியிருந்தது. குனிந்தாள். இழுத்து மூடினாள். ஓரத்தைக் கல்லுக்கு அடியில் செருகினாள். பிறகு உள்ளங்கையால் மெல்ல இரண்டு தட்டு.

அந்த இரண்டு தட்டை அவர் கால்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும், விடியற்காலையில், அரைத்தூக்கத்தில், யாரோ அவர் பாதங்களை இப்படித்தான் போர்த்திவிட்டுப் போனார்கள். அவள் வேலை முடிந்து மாலையில் வருவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாதி என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு விட்ட அன்று அந்தத் தாதிக்குப் பெரிய பெட்டி ஒன்றில் சொக்கலேட் கொடுத்தார். விடியப்புறம் கால் போர்த்திவிட்டதற்கு என்று சொல்லியே கொடுத்தார்.

கடையில் பார்த்துப் பார்த்து அந்தப் பெட்டியைத் தெரிந்தெடுத்தவள் சறோதான்.